ஹை டைட்ல தண்ணி நிக்காது: மெல்பர்ன்ல ரிப் தாண்டிப் போக கோச்சிங் எடுத்த அனுபவம்

மெல்பர்ன்ல சின்ன போட்டு வச்சிருக்கிற நம்ம ஆளுங்க நிறைய பேரு கேக்குறீங்க, பே (போர்ட் பிலிப் வளைகுடா) உள்ளயே மீன் புடிச்சு அலுத்துப்போச்சு, ஹெட்ஸ், அதாவது பேயோட வாய், தாண்டி வெளிய கடலுக்குப் போகணும், யாராச்சும் கூட வந்து சொல்லித்தருவாங்களானு. நானும் எங்க மாப்ளயும், அதாவது தங்கச்சி வீட்டுக்காரரு, போன சீசன்ல ஒருத்தர்கிட்ட கோச்சிங் எடுத்தோம். அவரு பேரு இங்க போட வேணாம்னு நெனக்கிறேன், ஏன்னா குறையும் கொஞ்சம் சொல்லப்போறேன். குயின்ஸ்கிளிஃப் பக்கம் இருக்காரு, வயசு அறுபதைத் தாண்டிருச்சு, பாதி ஆயுசு அந்த வாய்க்கு உள்ளயும் வெளியயும் மீன்பிடி தொழில் பண்ணி கழிச்சவரு. அவரோட போட்டுல நம்மள ஏத்திட்டு சுத்திக்காட்ற வேலை இல்ல இது, நம்ம போட்டுல அவரு ஏறுவாரு, ஸ்டியரிங் நம்ம கையிலதான் இருக்கும். ஒரு சாயந்திரம் வீட்ல உக்காந்து தியரி, அப்புறம் ஒரு நாள் தண்ணில. காசு ஒரு நல்ல ரீல் வாங்குற அளவுக்கு ஆகும்.

எங்க போட்டு 5.2 மீட்டர் அலுமினியம், 90 ஹார்ஸ்பவர் அவுட்போர்டு. மூணு வருஷமா பே உள்ள ஃப்ளாட்ஹெட், ஸ்னாப்பர், கணவானு ஓட்டிட்டிருந்தோம். நான் நாகப்பட்டினத்துக்காரன், கடுவையாத்து முகத்துவாரம் வழியா போட்டுங்க போறதையும் வர்றதையும் பாத்து வளந்தவன், அதனால முகத்துவாரம்னா எனக்கு தெரியாததானு ஒரு நெனப்பு இருந்துச்சு. அந்த நெனப்போடயே நாங்களா போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு இப்ப நெனச்சாலும் வயித்தக் கலக்குது.

தெரியாதவங்களுக்கு இடத்தை சொல்லிடறேன். போர்ட் பிலிப் பே கிட்டத்தட்ட 1,930 சதுர கிலோமீட்டர். அவ்ளோ பெரிய தண்ணிக்கு கடலோட இருக்கிற ஒரே வாசல் பாயின்ட் லான்ஸ்டேலுக்கும் பாயின்ட் நெப்பியனுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி, பாக்க மூணு கிலோமீட்டர் சொச்சம் இருக்கும், ஆனா ரெண்டு பக்கமும் பாறை ரீஃப் உள்ள வரைக்கும் நீட்டிக்கிட்டு இருக்கறதால கப்பல் போற வழி சுமார் ஒரு கிலோமீட்டர்தான். அடியில தரையும் சமமா இல்ல, ஒரு இடத்துல பெரிய பள்ளத்தாக்கு மாதிரி தொண்ணூறு மீட்டர் வரைக்கும் ஆழம் போகுது, அதுக்குப் பக்கத்துலயே தண்ணிக்குக் கொஞ்சம் கீழ பாறை. தண்ணி ஓட்டம் 6 நாட், 8 நாட்னு ஓடுது (ஒரு நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல்). வெளிய பாஸ் ஸ்ட்ரெய்ட், அதாவது டாஸ்மேனியாவுக்கு நடுவுல இருக்கிற கடல், தெக்குக் கடல்ல எங்கயோ கிளம்புற ஸ்வெல், தூரத்துல இருந்து உருண்டு வர்ற பெரிய அலை, தென்மேக்குல இருந்து வந்து இந்த வாய்ல முட்டும். இந்த இடத்துக்குப் பேருதான் தி ரிப். 1887-ல செவியட்னு ஒரு நீராவிக் கப்பல் இங்க பக்கத்துல பாறையில மோதி 35 பேரு செத்தாங்க, அந்தக் கப்பல் பேருலதான் செவியட் பீச், அதே பீச்லதான் 1967 டிசம்பர் 17 அன்னைக்கு அப்ப பிரதமரா இருந்த ஹரால்ட் ஹோல்ட் நீந்தப் போனவரு திரும்பி வரவே இல்ல, உடம்பு கூட கிடைக்கல. பெரிய கப்பலுங்களே இங்க பைலட்ட ஏத்திக்கிட்டுதான் உள்ள வரும், 1839-ல இருந்து அந்த பைலட் சர்வீஸ் நடக்குது. கப்பலுக்கே வழிகாட்ட ஆள் வேணும்னா அஞ்சு மீட்டர் போட்டுக்கு வேணாமா.

இப்ப தியரி க்ளாஸ். எங்க வீட்டு டைனிங் டேபிள்ல உக்காந்தாரு, தங்கச்சி டீயும் வடையும் வச்சா, அவரு வடையத் தின்னுக்கிட்டே முதல்ல கேட்ட கேள்வி, எந்த நேரத்துல வெளிய போவீங்கன்னு. மாப்ள உடனே ஹை டைட்ல, கடல் மட்டம் ஏறி உச்சியில இருக்கும்போது, அப்பதான தண்ணி நிக்கும்னாரு. நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அவரு தலையாட்டிட்டு சொன்னாரு, ஹெட்ஸ்ல ஹை டைட் நேரத்துலதான் தண்ணி உள்ள வர்றது உச்சத்துல இருக்கும், ஸ்லாக், அதாவது ஓட்டம் நிக்கிற நேரம், அதுக்கு ஏறத்தாழ மூணு மணி நேரம் கழிச்சுதான்னு. லோ டைடும் அப்படித்தான்.

எனக்கு முதல்ல புரியவே இல்ல. அப்புறம் யோசிச்சுப் பாத்தா நம்ம குடம்தான். வாய் சின்ன குடத்தக் கிணத்துல அமுக்கினா என்ன ஆகும், வெளிய தண்ணி மட்டம் குடத்து வாய்க்கு மேல வந்த அப்புறமும் உள்ள களக் களக்னு தண்ணி போய்க்கிட்டே இருக்கும்ல, ஏன்னா வாய் சின்னது, வயிறு பெருசு, நிரம்ப நேரம் ஆகும். அதே கதைதான் இங்கயும். வெளிய கடல் மட்டம் ஏறி உச்சிக்கு வந்துருச்சு, அதுதான் டேபிள்ல போட்டிருக்கிற ஹை டைட், ஆனா பே இன்னும் நிரம்பல, அதனால தண்ணி உள்ள பாஞ்சுக்கிட்டே இருக்கும். வெளிய மட்டம் எறங்க ஆரம்பிச்சு, உள்ள மட்டமும் வெளி மட்டமும் சமமாகுற நேரத்துலதான் ஓட்டம் நிக்கும், அதுவும் ரொம்ப நேரம் நிக்காது, உடனே திரும்பி வெளிய பாய ஆரம்பிச்சுரும். நான் அவர்கிட்ட குடத்தக் காட்டியே சொன்னேன், பூஜை ரூம்ல இருந்த சின்ன செம்பையும் ஒரு வாளித் தண்ணியையும் கொண்டு வந்து, அவரு அத போட்டோ எடுத்துக்கிட்டாரு, இனிமே எல்லாருக்கும் இப்படியே சொல்லித்தரேன்னு.

அதனால டைட் டேபிள்ல ஹை, லோ மட்டும் பாத்துட்டுக் கிளம்பாதீங்க. போர்ட் பிலிப் ஹெட்ஸுக்கு டைடல் ஸ்ட்ரீம்னு தனியா ஒரு டேபிள் இருக்கும், ஸ்லாக் எத்தன மணிக்கு, ஓட்டம் எந்தப் பக்கம், எவ்ளோ வேகம்னு, அதத்தான் பாக்கணும். டேலைட் சேவிங் நேரத்துல போட்டிருக்காங்களா சாதா நேரத்துல போட்டிருக்காங்களானும் பாத்துக்கோங்க, ஒரு மணி நேரம் தப்பினா ஸ்லாக் மொத்தமா தப்பிரும். பீரோ ஆஃப் மீட்டியராலஜி, அதாவது வானிலைத் துறை, ஃபோர்காஸ்ட் கீழ சின்ன எழுத்துல இருக்கிறதையும் படிக்க வச்சாரு, காத்து சொன்ன அளவ விட 40 சதவீதம் வரைக்கும் கூட அடிக்கலாம், அலை சொன்ன உயரத்துக்கு ரெண்டு மடங்கு வரைக்கும் வரலாம்னு அவங்களே போட்டிருக்காங்க. ரெண்டு மீட்டர்னு பாத்துட்டுப் போனா நாலு மீட்டர்ல ஒண்ணு வந்தாலும் வரும்.

க்ளாஸ் முடிஞ்சு பத்து நாள்ல முதல் தேதி குறிச்சோம். விடியக்காலம் மூணரைக்குக் கிளம்பி, ட்ரெய்லரோட கீலாங் தாண்டி, இருட்டுலயே லான்ஸ்டேல் லைட்ஹவுஸ் பக்கத்துல இருக்கிற லுக்அவுட்டுக்குப் போயிட்டோம், போட்ட தண்ணில எறக்குற ரேம்ப்புக்குப் போறதுக்கு முன்னாடி அங்க வந்து நிக்கணும்னு சொல்லியிருந்தாரு. 1902-ல கட்டுன லைட்ஹவுஸ் அது, அதுக்குக் கீழ நின்னா ரிப் அப்படியே கைக்கெட்டுற தூரத்துல தெரியும். வெளிச்சம் வந்தப்ப பாத்தா தண்ணி அவ்ளோ அமைதி, லேசா வடக்குக் காத்து. மாப்ளக்கு ஒரே சந்தோஷம், மச்சான் பாருங்க, குளம் மாதிரி இருக்குங்கிறாரு.

கோச் கால் மணி நேரம் பாத்தாரு, ஃபோர்காஸ்ட்ட இன்னொரு தடவ தெறந்தாரு, இன்னிக்குப் போகலன்னுட்டாரு.

எனக்கு கோபம் வந்துச்சு, உண்மையச் சொல்றேன். லீவு போட்டு, தூக்கம் கெட்டு, பெட்ரோல் போட்டு வந்திருக்கோம், எதிர்ல தண்ணி கண்ணாடி மாதிரி கெடக்கு. அவரு கணக்கப் போட்டுக் காட்டினாரு. எட்டு மணிக்கு ஸ்லாக். இது உள்ள வர்ற ஓட்டம் முடியிற ஸ்லாக், அதனால அதுக்கப்புறம் மத்தியானம் ரெண்டு வரைக்கும் தண்ணி வெளியதான் பாயும். பதினோரு மணி வாக்குல தென்மேக்குக் காத்து திரும்பும்னு ஃபோர்காஸ்ட். இப்ப நாம போனா போறது சுளுவா இருக்கும், திரும்பி வரும்போது தண்ணி வெளிய பாயும், காத்தும் ஸ்வெல்லும் எதிர்ல இருந்து உள்ள தள்ளும், ரெண்டும் நடுவுல மோதிக்கும், அது வழியாத்தான் வீட்டுக்கு வரணும். போற நேரத்த வச்சு முடிவு பண்ணாதீங்க, வர்ற நேரத்த வச்சு முடிவு பண்ணுங்கன்னாரு. அப்படியே விட்டுட்டுப் போகல, ஊருக்குள்ள ஏதாச்சும் சாப்பிட்டுட்டு பன்னெண்டு மணிக்கு மறுபடி இதே எடத்துக்கு வாங்கன்னாரு.

பன்னெண்டு மணிக்கு வந்து நின்னோம். காலைல குளமா இருந்த எடம் முழுக்க வெள்ள நுரை. அலை நகரவே இல்ல, நின்ன எடத்துலயே சுவரு மாதிரி எழும்பி எழும்பி விழுது, ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல எங்க போட்டு நீளம் கூட இருக்காது போல இருந்துச்சு. ஒரு பெரிய கன்டெய்னர் கப்பல் வெளிய போச்சு, அதோட மூக்குலயே தண்ணி தெறிக்குது. மாப்ள ஒண்ணுமே பேசல, கைய கட்டிக்கிட்டு பாத்துக்கிட்டே இருந்தாரு, கார்ல ஏறினதும் தங்கச்சிக்கு போன் போட்டு நாங்க போகல, கரையிலதான் இருக்கோம்னு மட்டும் சொன்னாரு. அந்த நாளுக்கு கோச் ஒரு காசும் தனியா வாங்கல. மொத்த கோச்சிங்லயும் எனக்கு அந்த நாள்தான் பெருசு.

ரெண்டாவது தேதிக்கு மூணு வாரம் காத்திருந்தோம். இந்தத் தடவ அவரே நாள் பாத்தாரு. லோ டைட் விடியக்காலம் நாலேகாலுக்கு, ஸ்லாக் ஏழேகால் வாக்குல, அதுக்கப்புறம் மத்தியானம் ஒண்ணரை வரைக்கும் உள்ள வர்ற ஓட்டம். ஸ்வெல் ஒரு மீட்டர், காத்து பத்து நாட்டுக்குக் கீழ. இதுல என்ன நல்லதுன்னா வெளிய இருக்கும்போது எஞ்சின் செத்தா கூட வாய்க்குப் பக்கத்துல ஓட்டம் உள்ளதான் கொண்டு வரும், கடலுக்குத் தள்ளாது.

குயின்ஸ்கிளிஃப் ரேம்ப்ல போட்ட எறக்குறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் சோதனை. பங் (அடி ஓட்டைய மூடுற தக்கை) போட்டாச்சா, உள்ள சேர்ற தண்ணிய வெளியேத்துற பில்ஜ் பம்ப் ஓடுதா, நங்கூரம் கட்டியிருக்கா, ஐஸ் பாக்ஸ் நகருமா, பெட்ரோல் எவ்ளோ. போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு, அதான் அவரு கணக்கு. கில் ஸ்விட்ச் கயித்த, நான் விழுந்தா எஞ்சின நிறுத்துற கயிறு, என் கால்ல மாட்டச் சொன்னாரு. லைஃப் ஜாக்கெட் மூணு பேரும் கரையிலயே போட்டுட்டோம், ஹெட்ஸ் அபாயப் பகுதினு சட்டத்துலயே அறிவிச்ச எடம், இந்த மாதிரி போட்டுல அங்க இருக்கிற நேரம் பூரா போட்டே இருக்கணும். எங்க இன்ஃப்ளேட்டபிள் ஜாக்கெட்ட வாங்கி உள்ள இருந்த கேஸ் சிலிண்டர கையால திருகிப் பாத்தாரு, மாப்ளயோடது லூசா இருந்துச்சு. லூசா இருந்தா இழுத்தாலும் ஊதாது. ரெண்டு வருஷமா அதத்தான் போட்டுக்கிட்டு பே உள்ள சுத்தியிருக்காரு மனுஷன். வச்சிருக்கிறவங்க இன்னிக்கே எடுத்து திருகிப் பாருங்க, அப்புறம் மிச்சத்தப் படிங்க.

ரேடியோவ விஎச்எஃப் சேனல் 12-ல வச்சோம், கப்பல் போக்குவரத்து கன்ட்ரோல் அதுலதான் பேசும், எந்தக் கப்பல் எப்ப வருதுன்னு காதுல விழுந்துரும். கப்பலுக்கு நாமதான் ஒதுங்கணும், அதால நமக்காகத் திரும்பவும் முடியாது நிக்கவும் முடியாது. அவசரத்துக்கு சேனல் 16.

ஏழு இருவதுக்கு வாய்க்குள்ள நொழஞ்சோம். ஸ்லாக்னா தட்டு மாதிரி இருக்கும்னு நெனச்சா தப்பு, அங்கங்க தண்ணி கொதிக்கிற மாதிரி மேல பொங்குது, சுழி ஓடுது, போட்டு அதுபாட்டுக்கு பக்கவாட்டுல இழுக்குது. எதிர்ல வர்ற அலைய அணியத்தால, அதாவது போட்டு மூக்கால, நேருக்கு நேர் குத்தாம கொஞ்சம் சாய்ச்சு ஏறணும், ஏறும்போது பவர் இருக்கணும், உச்சிக்கு வந்ததும் த்ராட்டில கொறைக்கணும், இல்லன்னா போட்டு அந்தரத்துல பறந்து டமால்னு விழும். முதல் ரெண்டு அலைல நான் கொறைக்க லேட்டாக்கி முதுகுத்தண்டு வரைக்கும் அடி ஏறிச்சு, மூணாவதுல இருந்து கை பழகிருச்சு. அவரு என் தோளுக்குப் பின்னாடி நின்னு சத்தமே போடாம இப்ப, இப்பனு மட்டும் சொல்லிக்கிட்டு இருந்தாரு. ஸ்டியரிங்ல ஒரு தடவ கூட கை வைக்கல.

வெளிய போயி ஓட்டத்தோட போட்ட மெதக்கவிட்டு புடிச்சோம், ஃப்ளாட்ஹெட் நல்ல சைசு, ஒரு கம்மி (gummy) ஷார்க், அது ஒரு வகை சுறா. கம்மி நம்ம சுறா புட்டுக்கு அவ்ளோ பொருத்தம், தங்கச்சி பண்ணது ரெண்டு நாளைக்கு வந்துச்சு. கோடைல ரிப்லயே கிங்ஃபிஷ் வரும்னு சொன்னாரு, அது நம்ம ஊரு வஞ்சரம் இல்ல, பேர கேட்டுட்டு ஏமாந்துராதீங்க, எல்லோடெயில்னு சொல்ற வேற மீனு.

திரும்பினது பதினொன்றரைக்கு. இங்கதான் எனக்கு குடம் ஞாபகம் வந்துச்சு. டேபிள்படி ஹை டைட் முடிஞ்சு ஒரு மணி நேரம் ஆச்சு, கரைல நின்னு பாக்குறவனுக்கு தண்ணி எறங்குது, ஆனா ஜிபிஎஸ்ல எங்க வேகம் எஞ்சின் குடுக்கிறத விட நாலு நாட்டுக்கு மேல கூட காட்டுது, கடலே எங்கள உள்ள இழுத்துக்கிட்டுப் போகுது.

உள்ள வர்றது வெளிய போறத விட ஆபத்துன்னு அவரு திரும்பத் திரும்ப சொன்னாரு, ஏன்னா அலை முதுகுப் பக்கம் வருது, கண்ணுல படாது. ஒரு அலையோட முதுகுல ஏறி உக்காந்துக்கணும், அத முந்தக்கூடாது, முந்தினா அணியம் பள்ளத்துல குத்தி போட்டு பக்கவாட்டுல திரும்பி கவுந்துரும். பின்னாடி வர்ற அலையும் நம்மள புடிக்கக்கூடாது. ரெண்டுக்கும் நடுவுல த்ராட்டில வச்சே உக்காந்திருக்கணும். எஞ்சின கொஞ்சம் ட்ரிம் பண்ணி மூக்க தூக்கிக்கிட்டோம், மாப்ளய பின்னாடி வந்து உக்காரச் சொன்னாரு. நடுவுல ஒரு பெரிய ஸ்வெல் வந்தப்ப கை தன்னால த்ராட்டில தள்ளப் போச்சு, பயத்துல ஓடணும்னுதான் தோணும், தள்ளாதீங்கன்னாரு, தள்ளல. அது எங்களத் தூக்கிக்கிட்டு கீழயே உருண்டு முன்னாடி போயிருச்சு.

குறைன்னு பாத்தா மூணு இருக்கு. தியரி ஒரே சாயந்திரத்துல திணிச்சுட்டாரு, கடைசி முக்கா மணி நேரம் எங்க தலையில ஏறல, ரெண்டு சாயந்திரமா பிரிச்சா காசு கூட ஆனாலும் குடுப்பேன். ரேடியோவுல மே டே, அதாவது உயிர் ஆபத்துன்னு உதவி, எப்படி கூப்பிடறதுன்னு சொன்னாரே தவிர எங்கள பேச வச்சுப் பாக்கல, இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவனுக்கு நடுங்குற நேரத்துல வாய்ல வர்ற அளவுக்கு அது பழகியிருக்கணும், நாங்க அப்புறமா வீட்ல தாளுல எழுதி போட்டுல ஒட்டிக்கிட்டோம், போட்டு பேரு, எங்க இருக்கோம், என்ன ஆச்சு, எத்தன பேருனு. அப்புறம் போனுக்கும் மெசேஜுக்கும் பதில் வர நாலஞ்சு நாளு ஆகும், புக்கிங்குக்கு பொறுமை வேணும்.

இபிர்ப் (EPIRB), அதாவது ஆபத்துல சாட்டிலைட்டுக்கு சிக்னல் அனுப்புற கருவி, பத்தி ஒரு வார்த்த. கரைல இருந்து ரெண்டு நாட்டிக்கல் மைலுக்கு மேல போனா 406 மெகாஹெர்ட்ஸ் இபிர்ப் கட்டாயம். வாங்கினா மட்டும் போதாது, ஆஸ்திரேலிய கடல் பாதுகாப்பு ஆணையத்துல உங்க பேர்ல பதிவு பண்ணணும், அது ஃப்ரீதான், பதிவு பண்ணாத்தான் சிக்னல் வந்ததும் யாரு போட்டு, வீட்ல யாருக்குப் போன் பண்றதுனு அவங்களுக்குத் தெரியும். செகண்ட் ஹேண்ட்ல வாங்குறவங்க பழைய ஓனர் பேர மாத்திருங்க, பேட்டரி தேதியும் பாருங்க. நாங்க அத டப்பாக்குள்ள பூட்டி வச்சிருந்தோம், அவரு எடுத்து கை எட்டுற எடத்துல மாட்ட வச்சாரு, கவுந்த போட்டுல டப்பாவ யாரு தெறக்கறது.

அஞ்சுக்கு நாலரை குடுப்பேன். போட்டு வாங்கி முதல் வருஷத்துல இருக்கிறவங்க இப்பவே இவர்கிட்ட போக வேணாம், பே உள்ளயே இருவது நாட் காத்துல வீடு வந்து சேர்ற பழக்கம் வந்த அப்புறம் போங்க, அப்பதான் காசு வீண் போகாது. அஞ்சு மீட்டருக்குக் கீழ போட்டு வச்சிருக்கிறவங்கள அவரே வேணாம்னு திருப்பி அனுப்புறாரு, கெஞ்சினாலும் வர்றதில்ல.

நாங்க அதுக்கப்புறம் தனியா ஆறு தடவ ட்ரெய்லர பூட்டிக்கிட்டு போயிருக்கோம், அதுல ரெண்டு தடவதான் வெளிய போனோம். மிச்ச நாலு தடவ லுக்அவுட்ல நின்னு பாத்துட்டு குயின்ஸ்கிளிஃப் உள்பக்கமே கணவா புடிச்சுட்டு வந்தோம். வர்ற சனிக்கிழம ஸ்லாக் ஏழு நாப்பதுக்கு, உள்ள வர்ற ஓட்டம் ஆரம்பிக்கிற ஸ்லாக். ஆறரைக்கு லைட்ஹவுஸ் கீழ நிப்போம், அந்தப் பக்கம் வர்றவங்க வாங்க, சேந்து பாப்போம், ஃபிளாஸ்க்ல டீ இருக்கும்.